மார்பில் வைத்த பையும் கதிர் வைத்தியமும்
(ஜவ்வாது மலையில் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பெண்களுக்கு முலையில் காணும் புற்றுநோயைப் பற்றியும், அதற்காக முலையை எடுத்துவிட்ட பின் அந்த இடத்தில் சிலிகோன் பை வைத்து மார்பைத் திரும்ப உண்டாக்கும் ரண வைத்தியத்தைப் பற்றியும், அப்படி வைத்த பையைப் புற்றுநோய்க்குச் செய்யும் மற்ற வைத்தியங்கள் என்ன பாடுபடுத்துகின்றன என்பதைப் பற்றியுமாகும். விஷயத்தின் பெயரைச் சொன்னவுடனே முன்வரிசைத் தோழர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் தாய்மார்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இதைக் கண்டுதான் நான் "முலை" என்ற சொல்லையே இன்று முழுவதும் சொல்வதென்று தீர்மானித்திருக்கிறேன். காலில் முள் தைத்தால் கால் என்கிறோம், கண்ணில் தூசி விழுந்தால் கண் என்கிறோம். நாம் எல்லோரும் பால் குடித்து வளர்ந்த உறுப்புக்கு மாத்திரம் பெயர் சொல்லக் கூடாதென்றால், அதில் வலி வந்தால் எப்படிச் சொல்வது? யாரிடம் சொல்வது?

இது சிரிப்புக்குரிய சங்கதியல்ல. இந்தியாவில் 2022-ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், சுமார் 98,000 பேர் இதனால் மாண்டார்களென்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதுவே முதலாவதாயிருக்கிறது. இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும் பகுதியார் கட்டி முற்றி, அக்குளில் நெறி கட்டி, தோல் இழுத்துக்கொண்ட பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கட்டி வலிக்காது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், மேலே சொன்ன முந்தானைதான். புருஷனிடம் சொல்ல வெட்கம், ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கம், மாமியாரிடம் சொன்னால் பத்துப் போடச் சொல்வாள், குறி கேட்கப் போனால் ஒரு கோழியும் மூன்று மாதமும் போய்விடும். இந்த மலையில் இருக்கிற தாய்மார்களுக்கோ இவ்வளவும் போதாதென்று, ஒரு பரிசோதனைக்குப் போளூர்ப் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ மலையை விட்டு இறங்கவேண்டும். காவலூரில் 1986 முதல் இரண்டே கால் மீட்டருக்கு மேற்பட்ட கண்ணாடி வைத்து ஆகாயத்தின் கோடியிலுள்ள நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். அது நல்ல காரியந்தான். அதே மலையில் ஒரு பெண்ணின் முலைக்குள் பட்டாணி அளவில் இருக்கும் கட்டியைப் பார்க்க வசதியில்லாவிட்டால் அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

இனி, நான் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ளக் காரணமென்னவென்றால், மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தோழர் என்னிடம் வந்து வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மனைவிக்குப் புற்றுநோய்க்காக ஒரு முலையை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே பை வைத்தார்கள். புண் ஆறிற்று. பார்வைக்கும் குறைவில்லை. பிறகு கதிர் வைத்தியம் கொடுத்தார்கள். சில மாதத்தில் பை இருக்கும் இடம் இறுகிக் கல்போலாகி, மேலே ஏறிக்கொண்டு, வலிக்கவும் ஆரம்பித்துவிட்டது. "போன முலையை மனுஷன் வைக்கலாமா? சாமிக்குப் பொறுக்கவில்லை" என்று ஊரார் சொல்லுகிறார்களாம். "உயிர் தப்பினது போதாதென்று அழகுக்கு ஆசைப்பட்டாள், அனுபவிக்கிறாள்" என்று சொந்தக்காரர்களே சொல்லுகிறார்களாம். அந்த அம்மாளும் அதை நம்பி, மேற்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "இது யார் குற்றம்?" என்பது தோழருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், உயிர் பிழைத்த பெண்ணுக்கு முலை எதற்கு என்று கேட்கிறார்களே, அதைப் பார்ப்போம். கையிழந்தவனுக்குக் கட்டைக் கை எதற்கென்று யாராவது கேட்கிறோமா? பல் விழுந்த கிழவர் பல் கட்டிக்கொண்டால் சாமிக்குப் பொறுக்கிறது. தலை வழுக்கையானவன் டோப்பா வைத்துக்கொண்டால் அனுபவிக்கிறான் என்று சொல்லுவதில்லை. பெண் மாத்திரம் தன் உடம்பு பழையபடி இருக்கவேண்டுமென்று விரும்பினால் அது ஆசை, திமிர், பாவம்! 2018-ஆம் வருஷத் துவக்கத்தில் சென்னை ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பில் பை வைப்பது முதலான அறுவைகளை இலவசமாகச் செய்வதென்று ஏற்பாடாயிற்று. அப்போது சுகாதார மந்திரியாயிருந்த விஜயபாஸ்கர் அவர்கள் ஏழைகளுக்கும் இது ஏன் கிடைக்கக் கூடாது என்ற கருத்தில் பேசினார். உடனே உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அதை ஓர் அதிசயச் சேதியாகப் போட்டன. அரசாங்கப் பணத்தை இதற்கா செலவழிப்பது என்று ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். அழகுக்காக மாத்திரம் செய்யும் அறுவையைப் பற்றி அந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் வியாதிக்காக ஓர் உறுப்பை எடுத்துவிட்ட வைத்தியம், எடுத்த இடத்தைச் சரி செய்வதும் தன் கடமையில் சேர்ந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1998-ஆம் வருஷமே, முலையை எடுக்கப் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைத் திரும்ப உண்டாக்கவும் பணம் கொடுக்கவேண்டுமென்று சட்டம் செய்துவிட்டார்கள்.

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று அலைந்த காலத்தில், சாகப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற மனப்பான்மையே பெரிய இடங்களில் இருந்தது. அதையும் மீறி 1954-இல் அடையாறு ஆஸ்பத்திரி உண்டாயிற்று. அன்று சாகிறவளுக்கு வைத்தியம் எதற்கு என்றார்கள். இன்று பிழைத்தவளுக்கு முலை எதற்கு என்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வருவதாகத்தான் எனக்குப் படுகிறது.

நிற்க. அந்தப் பை என்பது என்ன? சிலிகோன் என்ற ரப்பர் போன்ற வஸ்துவால் ஒரு மெல்லிய உறை. அதனுள் சிலிகோன் கூழையாவது உப்பு நீரையாவது அடைத்திருப்பார்கள். 1962-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் குரோனின், ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதலில் ஒரு பெண்ணுக்குச் சிலிகோன் கூழ்ப் பையை வைத்தார்கள். இன்று புற்றுநோய்க்கு முலையை எடுக்கும்போது, தோல் தாராளமாயிருந்தால் அப்பொழுதே பையை வைத்துத் தைத்துவிடுவதுண்டு. இல்லாவிட்டால் முதலில் ஒரு வெறும் பையை உள்ளே வைத்து, ஊசி மூலம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீரை ஏற்றித் தோலை விரியச் செய்து, சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு நிரந்தரப் பையை வைப்பார்கள். நிரந்தரம் என்று பெயரே தவிர அதுவும் ஆயுள் முழுவதும் இருக்குமென்று யாரும் உறுதி சொல்வதில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டியவர்கள் அனேகர்.

நம் உடம்பு அன்னிய வஸ்து எதையும் சும்மா விடாது. பலா மரத்தில் ஓர் ஆணியை அடித்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள். மரம் ஆணியைச் சுற்றி வளர்ந்து மூடியிருக்கும். அதுபோலவே, உள்ளே வைத்த பையைச் சுற்றிலும் உடம்பு ஒரு தழும்புத் தோலைக் கட்டிக்கொள்ளும். இது பை வைத்த ஒவ்வொருவருக்கும் உண்டாவது, வியாதியல்ல. அந்தத் தழும்புத் தோல் மெல்லியதாயும் மிருதுவாயும் இருக்கும் வரையில் ஒரு கெடுதலும் இல்லை. சிலருக்கு அது தடித்துச் சுருங்க ஆரம்பிக்கும். சுருங்கினால் உள்ளிருக்கும் பையை நாலாபுறமும் நெருக்கும். பை உருண்டையாகும், கெட்டியாகும், இடம் மாறும், வலிக்கும். பேக்கர் என்ற டாக்டர் 1975-இல் இதற்கு நான்கு படிகள் வகுத்தார். முதற்படியில் கைக்கு ஒன்றும் தெரியாது. நாலாம் படியில் கண்ணுக்கே கோணல் தெரியும், வலியும் இருக்கும். நமது தோழரின் மனைவிக்கு வந்தது இந்த நாலாம் படி.

இந்தச் சுருக்கத்துக்கு உள்ள காரணங்களில் முக்கியமானது கதிர் வைத்தியமாகும். கதிர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி. அது புற்றுநோய் அணுக்களின் உட்கருவைச் சிதைத்து அவை மேற்கொண்டு பெருகாமல் செய்துவிடும். கத்தியால் எடுக்க முடியாமல் மார்புச் சுவரிலும் நெறியிலும் மறைந்து கிடக்கும் விதைகளை அழிக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. ஆனால் அதன் வழியில் இருக்கும் நல்ல சதைக்கும் கொஞ்சம் சூடு படத்தான் படும். தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுவர் தடித்து வழி குறுகிப் போகின்றன. தழும்பு நார்களை உண்டாக்கும் அணுக்கள் வெறி பிடித்ததுபோல் வேலை செய்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்த தோல் மெலிந்து போகிறது. அதில் ஒரு சிறு புண் வந்தாலும் ஆறாது. புண் பிளந்து பை வெளியே தெரிந்தால் கிருமி பிடிக்கும். பையில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து அதைத் தொடுவது கஷ்டம், அனேகமாய்ப் பையையே எடுத்துவிட வேண்டியதுதான். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கதிரின் இந்த வேலை, கதிர் நின்ற தினத்தோடு நிற்பதில்லை. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் "கதிர் கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது, பிறகு ஏன் இப்படி?" என்று ஜனங்கள் திகைக்கிறார்கள். திகைப்பு வந்த இடத்தில் சாமி வந்துவிடுகிறது.

இதெல்லாம் வாய்ப்பேச்சல்ல, கணக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆஸ்பத்திரிகளில் மார்பு திரும்ப உண்டாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை இரண்டு வருஷம் வரையில் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பை வைத்துக் கதிரும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 39 பேருக்கு ஏதாவதொரு கேடு வந்தது. பை வைத்துக் கதிர் பெறாதவர்களில் சுமார் 22 பேருக்குத்தான் வந்தது. வைத்ததை எடுத்தேவிட வேண்டி வந்தவர்கள், கதிர் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேர் அளவு, கதிர் பெறாதவர்களில் 4 பேர் அளவு. பைக்குப் பதிலாகத் தம் சொந்தச் சதையைக் கொண்டே மார்பை உண்டாக்கிக்கொண்டு கதிரும் பெற்றவர்களில், அது முழுத் தோல்வியாய்ப் போனது நூற்றுக்கு ஒருவர் அளவே. சாமிக்குப் பொறுக்காதது முலை வைத்துக்கொள்வதுதான் என்றால், பை வைத்தவளிடம் மாத்திரம் கோபித்து, சதை வைத்தவளை ஏன் விட்டுவிட்டது? அமெரிக்கப் பெண்களை எந்த ஊர்ச் சாமி தண்டித்தது? கதிர் பட்ட பைக்கு ஒரு கணக்கு, படாத பைக்கு ஒரு கணக்கு என்று இருக்கிறதே தவிர, பக்தி உள்ளவளுக்கு ஒரு கணக்கு இல்லாதவளுக்கு ஒரு கணக்கு என்று எங்கும் இல்லை.

ஆகவே அந்த அம்மாள்மீது குற்றமில்லை. கதிர் கொடுத்ததும் குற்றமில்லை. அது அவர் உயிரைக் காக்கக் கொடுத்தது. நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு வரக்கூடிய ஒரு கேட்டைப் பை வைக்குமுன் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் குற்றம். இந்த இறுக்கத்துக்குப் பரிகாரமும் உண்டு. இறுகிய தழும்புத் தோலை எடுத்துப் பையை மாற்றலாம், அல்லது பையை விட்டுவிட்டுச் சொந்தச் சதைக்கு மாறலாம். கதிர் பட்ட இடத்தில் வெறும் பையை மாத்திரம் மாற்றினால் மறுபடி இறுகுவதும் உண்டென்பதால் டாக்டர்கள் பலர் இரண்டாவதையே சொல்லுகிறார்கள். எப்படியானாலும் வீட்டில் உட்கார்ந்துவிடக் காரணமில்லை என்று அந்தத் தோழரிடம் சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு சொன்னதும் உங்களில் சிலருக்கு ஒரு யோசனை வந்திருக்கும், அதாவது கதிர்தானே பையைக் கெடுக்கிறது, கதிரை வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன என்று. தோழர்களே! இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. கட்டி பெரியதாயிருந்தால், அல்லது அக்குள் நெறிகளில், முக்கியமாய் நான்கும் அதற்கு மேலும், நோய் பரவியிருந்தால், முலையை முழுதும் எடுத்த பிறகும் கதிர் கொடுக்கிறார்கள். அதனால் நோய் அந்த இடத்தில் திரும்ப வருவதும் குறைகிறது, மரணமும் குறைகிறது. பைக்காகக் கதிரை விடுவது, ஓட்டுக்கு வெயில் படுகிறதென்று வீட்டைக் கொளுத்துவது போலாகும். கதிர் வேண்டுமென்றால் கதிர்தான் முந்தி. பையை அதற்குத் தக்கபடி ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.

அந்த ஏற்பாட்டில்தான் வைத்தியரின் சாமர்த்தியம் இருக்கிறது. தோலை விரிக்கும் தற்காலிகப் பை உள்ளே இருக்கும்போது கதிர் கொடுப்பதா, நிரந்தரப் பையை மாற்றிவிட்டுக் கொடுப்பதா என்று நெடுநாளாய் விவாதம் நடக்கிறது. முன்னதில் பையையே இழந்துவிடும் ஆபத்து அதிகமென்றும், பின்னதில் பை நிலைத்தாலும் பின்னால் இறுகிப் போவது அதிகமென்றும் பலர் கண்டிருக்கிறார்கள். 1968-இல் அண்ணா அவர்கள் வைத்தியத்துக்குச் சென்ற நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தற்காலிகப் பைகள் சிலவற்றில் ஊசி போடும் வாயில் உலோகம் இருக்கும். அது கதிரின் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். ஆகையால் கதிர் டாக்டரும் ரண வைத்தியரும் முதலிலேயே ஒன்றாய் உட்கார்ந்து பேசவேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கதிர் பட்ட முலையில் நோய் திரும்ப வந்து, பிறகு அதை எடுத்தவர்களுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். அந்தத் தோல் விரிந்து கொடுக்காது. அவர்களுக்குப் பையை மாத்திரம் நம்புவது பெரும்பாலும் வீண்.

சொந்தச் சதை என்று சொன்னேன். முதுகிலிருந்து ஒரு தசையையும் தோலையும் அதன் ரத்தக் குழாயோடு திருப்பி முன்னால் கொண்டுவந்து மார்பாக வைக்கலாம். அல்லது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்துவந்து, அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் மார்புக் குழாய்களோடு தைத்துவிடலாம். இது பல மணி நேரம் பிடிக்கும் வேலை. புதிய ரத்தத்தைக் கூடவே கொண்டுவருவதால் இந்தச் சதை, கதிர் பட்ட இடத்திலும் ஒட்டிப் பிழைக்கிறது. கதிர் முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் பொறுத்துத் தோல் அடங்கிய பிறகு இதைச் செய்வது வழக்கம். ஒரு சதையை அதன் உயிர் போகாமல் திருப்பி வேறிடத்தில் வைக்கும் இந்த வித்தையை மேல்நாட்டான் நம்மிடமிருந்துதான் படித்தான். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில், பூனாவுக்கருகில் நெற்றித் தோலைத் திருப்பி அறுந்த மூக்கைச் செய்துகொடுத்த செய்தி வந்தது. அதைப் படித்து இங்கிலீஷ் டாக்டர்கள் பழகினார்கள். செய்துகொடுத்தவர் செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்தவர் என்று அந்தப் பத்திரிகையே எழுதியிருக்கிறது. வேதம் ஓதினவர் என்று எழுதவில்லை.

ஆனால் சொந்தச் சதை எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நினைத்துவிடக் கூடாது. சாமையும் கேழ்வரகும் தின்று, நாள் முழுதும் ஏறி இறங்கி, விறகும் தண்ணீரும் சுமக்கும் இந்த மலைத் தாய்மார்களுக்கு அடிவயிற்றில் எடுக்கக் கொழுப்பு எங்கே இருக்கிறது? முதுகுத் தசையை எடுத்தாலோ தோளின் பலம் கொஞ்சம் குறையும். பட்டணத்தில் மேஜைக்கு முன் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாமலே போகலாம். மரமேறி புளி உலுக்குகிறவளுக்கும் உலக்கை பிடிக்கிறவளுக்கும் அது பிழைப்புச் சங்கதி. "எனக்கு இன்ன வேலை, இந்தக் கையால் இதைச் செய்யவேண்டும்" என்று நீங்கள்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும். அவருக்கு அது தானாய்த் தெரியாது.

கதிரைத் தவிர மற்ற வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து, தலைமயிரைக் கொட்டச் செய்வதுபோலவே ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அந்தச் சமயத்தில் அறுத்தால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும். ஆகையால் கடைசி ஊசிக்குப் பிறகு சில வாரம் விட்டே அறுக்கிறார்கள். அப்படி விட்டுச் செய்தால் இந்த மருந்தால் பைக்குப் பெரிய கேடு வருவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான விஷயத்துக்கு. முலையை எடுத்த அன்றே பையையும் வைத்து, பை வைத்த புண் சீழ் பிடித்துக்கொண்டால், அது ஆறுகிற வரையில் மருந்து ஏற்ற முடியாமல் நாள் தள்ளிப் போகும். அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் மருந்து தள்ளிப் போனவர்களுக்கு மரணம் அதிகமென்று 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆகையால் நோய் கடுமையாயிருந்து மருந்து அவசரமாயிருக்கிறவர்களுக்குப் பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று டாக்டர் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகாது. ஐந்து வருஷம், பத்து வருஷம் விழுங்கச் சொல்லும் டாமொக்ஸிபென் என்ற மாத்திரையால் ரத்தம் உறையும் சுபாவம் சற்று கூடும். பைக்கு இது அவ்வளவு பாதகமில்லை. ரத்தக் குழாயைத் தைக்கும் சொந்தச் சதை அறுவைக்குமுன் சில டாக்டர்கள் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுகிறார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் தாய்மார்களும், சர்க்கரை வியாதி உள்ளவர்களும் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். புகையிலைச் சத்து ரத்தக் குழாயைச் சுருக்கும். கதிர் ஏற்கெனவே சுருக்கியதோடு இதுவும் சேர்ந்தால் புண் எப்படி ஆறும்?

இங்கே டாக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூசாரியைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை இத்தனை காலம் முட்டாள்களாக வைத்திருந்தார்கள். அந்த இடத்திலிருந்து பூசாரியை இறக்கிவிட்டு டாக்டரைத் தூக்கி வைத்துக் கும்பிடுவதால் நமக்கு என்ன லாபம்? கும்பிட வேண்டாம், கேளுங்கள். எனக்குக் கதிர் வேண்டி வருமா என்று முலையை எடுக்குமுன் கேளுங்கள். சில சமயம் எடுத்த நெறியைச் சோதித்துப் பார்க்கும் வரையில் அவருக்கே அது நிச்சயமாய்த் தெரியாது. அப்படியானால் பையை அன்றே வைக்காமல் பொறுத்திருந்தால் என்ன நஷ்டம் என்று கேளுங்கள். வைக்கப் போவது எந்த வகைப் பை என்றும் கேட்டு, அதற்குரிய சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் மேற்புறம் சொரசொரப்பான ஒரு வகைப் பையைச் சுற்றி, அபூர்வமாக, வேறொரு புற்றுநோய் உண்டாகிறதென்று கண்டு 2019-இல் உலகமெங்கும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சீட்டில்லாதவளுக்குத் தன் உடம்பில் இருப்பது அதுவா இல்லையா என்றுகூடத் தெரியாது. முதலமைச்சர் இன்ஷூரன்ஸ் சீட்டில் எந்த அறுவைக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் முதல் நாளே ஆஸ்பத்திரிக் காரியாலயத்தில் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளைப் புருஷன் கேட்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முலையை எடுக்கவும் அவன் கையெழுத்து, வைக்கவும் அவன் கையெழுத்து என்றால், நடுவில் அந்த அம்மாள் யார்?

பையும் வேண்டாம் சதையும் வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குப் பூரண உரிமை உண்டு. அவளிடம் போய், இல்லை, வைத்துக்கொண்டால்தான் நீ பெண் என்று சொல்வதும் அக்கிரமந்தான். பருத்தி நூலால் பின்னிப் பஞ்சடைத்த பொய் மார்பை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளுகிறவர்கள் அனேகர். அதற்குக் கதிராலும் கேடில்லை, வெயிலிலும் வேர்க்காது, அழுக்கானால் துவைத்துக் காயப்போடலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்றிருக்கிறது. 1882 முதல் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க டாக்டர் முலையோடு மார்புத் தசையையும் சேர்த்து வாரியெடுக்கும் முறையை நடத்திக் காட்டினார். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்தது. பெர்னார்டு பிஷர் என்ற டாக்டர் அதை நம்பாமல், பெண்களை இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து, சிறிய கட்டியாயிருந்தால் கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர் கொடுத்தாலே போதும், ஆயுளில் வித்தியாசமில்லை என்று 1985-இல் காட்டினார். 2002-இல் இருபது வருஷக் கணக்கைப் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது. வைத்தியத்திலும் குருட்டு நம்பிக்கை உண்டு, ஆனால் அதைக் கணக்குப் போட்டு உடைக்க அங்கே இடமும் உண்டு. கட்டி பட்டாணியளவில் இருக்கும்போதே வந்தவளுக்கு முலையும் போவதில்லை, பைக்கும் வேலையில்லை. பையைக் கெடுக்கும் அதே கதிர் அங்கே முலையைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. மாதவிடாய் நின்று சில நாள் கழித்து, குளிக்கும்போது, விரலின் உட்பக்கத்தால் முலை முழுதும் அக்குள் வரையில் தடவிப் பாருங்கள். புதிதாய்க் கட்டி, தோல் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தம், இவற்றில் ஏதாவது கண்டால் வலிக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாளிடம் அந்த வாரமே காட்டவேண்டும்.

கடைசியாக, கதிருக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. முன்பெல்லாம் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், அதாவது 25 தடவை கதிர் கொடுப்பார்கள். இப்போது முலைக்கு மூன்று வாரமே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மார்பில் பை வைத்தவர்களுக்கு இப்படிக் குறுக்கினால் பை கெடுமோ என்று மாத்திரம் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் பை வைத்த 400 பெண்களைக் கொண்டு 25 தடவையையும் 16 தடவையையும் ஒப்பிட்டுப் பார்த்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். குறுக்கியதால் பெண்களின் உடல்நிலையும் கெடவில்லை, பையின் கேடும் கூடவில்லை. மலையிலிருந்து இறங்கி வேலூரிலோ காஞ்சிபுரம் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ சென்னையிலோ தங்கவேண்டிய பெண்ணுக்கு இரண்டு வாரம் மிச்சமென்பது சின்ன விஷயமா? இரண்டு வாரக் கூலி, இரண்டு வாரச் சத்திரச் செலவு, துணைக்கு வருகிறவருடைய இரண்டு வாரம். எனக்கு மூன்று வாரத்தில் முடிக்க முடியுமா என்று கதிர் டாக்டரைக் கேட்கலாம். சாமை அறுப்பு சமயத்தில் அந்த மூன்று வாரம் வந்துவிட்டால் அவள் பங்கு வேலையையும், வீட்டில் உலை வைப்பதையும் யார் செய்வது என்று முன்வரிசைத் தோழர்கள் இப்பொழுதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது இருப்பவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாத தாய்மார்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லலாம். பெயர் போட வேண்டியதில்லை.